இல்லை என்று எழுத ஒரு படிவம்

“முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க, சயா.”

சாந்தகுமாரி இதைப் பர்மிய மொழியில்தான் சொன்னாள்; சயா என்றால் அங்கே ஐயா. பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்தின் வாலில் ஒட்டவேண்டிய பணிவுச் சொற்களை ஒன்று விடாமல் ஒட்டித்தான் சொன்னாள். ஆனாலும் கூடம் உறைந்துபோயிற்று. தட்டச்சுக்காரியின் விரல் பாதி எழுத்தில் நின்றது. டீ கொண்டுவந்தவர் கோப்பையை மேசைக்கு நாலு விரல் உயரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மின்விசிறியும் நின்றிருந்தது, ஆனால் அது காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போனபோதே நின்றது, அந்தப் பாவத்தை இவள் தலையில் கட்ட முடியாது.

மூலையில் பதிவேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சின்னத்தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த ஒன்றை மட்டும் கேட்காதே என்று படித்துப் படித்துச் சொன்னவர் அவர்தான். அலுவலகத்தில் அவர் பெயர் ‘ஊ மின் தான்’, தலைமை எழுத்தர். தெருவிலும் கோயிலிலும் சின்னத்தம்பி. யாங்கூன் தமிழர்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு, சாமிக்கு ஒன்று, சர்க்காருக்கு ஒன்று. சாந்தகுமாரியும் இந்தக் கட்டடத்துக்குள் மா தன்டா.

“இங்க நீ எப்ப வரட்டும்னு கேக்கலாம். யாரப் பாக்கட்டும்னு கேக்கலாம். இன்னும் என்ன காகிதம் வேணும்னு கேட்டா சந்தோசப்படுவாங்க,” என்று பதினான்கு மாதத்துக்கு முன்பே அவர் பாடம் நடத்தியிருந்தார். “ஆனா முடியாதுன்னு எழுதித் தாங்கன்னு மட்டும் வாயத் தொறந்துறாதம்மா. இந்தக் கட்டடத்துல யாரும் யாருக்கும் முடியாதுன்னு சொன்னதே கெடையாது.”

“அப்ப எல்லாருக்கும் எல்லாம் கெடைக்குதா மாமா?”

“யாருக்கும் எதுவும் கெடைக்காது. ஆனா யாரும் முடியாதுன்னு சொல்றதில்ல. ஆனாடே!”

ஆனாடே என்பது அந்த ஊர்க்காரர்களின் குணம். அடுத்தவர் முகம் வாடும்படி எதையும் சொல்லிவிடக் கூடாதே என்கிற கூச்சம். நல்ல குணம்தான், யார் இல்லையென்றார்கள்? பக்கத்து வீட்டுக்காரி சோற்று வேளையில் வந்தால், பானை காலியாக இருந்தாலும் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்க வைக்கிற குணம். அந்தக் குணத்துக்கு நாலு மாடிக் கட்டடம் கட்டி, கொடி ஏற்றி, ரப்பர் முத்திரையும் செய்து கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? போதைப்பொருள் மேற்பார்வை மற்றும் நல்வழிப்படுத்தும் இயக்ககம் ஆகும்.

சாந்தகுமாரிக்கு அந்த இயக்ககத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி.

அவள் மகள் காமுவுக்கு ஆறு வயது. எட்டு மாதக் குழந்தையில் காய்ச்சலோடு தொடங்கிய வலிப்பு, காய்ச்சல் போன பிறகும் போகவில்லை. நல்ல நாளில் மூன்று முறை, கெட்ட நாளில் பதினொன்று. நின்றபடியே வெட்டுண்ட வாழை மாதிரி விழுவாள் என்பதால் எப்போதும் ஒரு நீல ஹெல்மெட் போட்டிருப்பாள். டாக்டர் ஸமீரா மூன்று மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, நாலாவது என்று கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற ஓர் எண்ணெயைச் சொன்னார். போதை தராதது. சொட்டுக் கணக்கில் நாக்கடியில் விடுவது. “குணமாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாதிக்குப் பாதி குறைஞ்ச பிள்ளைங்க இருக்கு. இங்க அதை எழுதினா என்னைப் பிடிச்சுட்டுப் போவாங்க. தாய்லாந்துல எல்லைக்குப் பக்கத்துல ஓர் ஆஸ்பத்திரியில சட்டப்படி தர்றாங்க, இல்லாதவங்களுக்குச் சும்மாவே தர்றாங்க. ஆனா உங்க நாட்டுல கெடைக்காதுன்னு உங்க சர்க்கார் ஒரு கடிதம் தரணும்னு கேக்கிறாங்க.”

இல்லாததை இல்லை என்று எழுதவேண்டும். அவ்வளவுதான். சாந்தகுமாரி அன்று சிரித்தபடிதான் வீட்டுக்கு வந்தாள்.

அவள் அவளுடைய வம்சத்திலேயே முதல் பட்டதாரி. தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அப்பா அப்பாசாமி முனிசிபாலிட்டியில் சாக்கடை தள்ளினார், இவள் வேதியியல் படித்தாள். ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையில் ஒரு துணி ஆலையில் சாயம் சோதிக்கிற வேலை. சாயம் தண்ணீரில் போகுமா போகாதா என்று பார்த்து, போகும் என்றால் போகும், போகாது என்றால் போகாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது என்று அவள் நம்பியதற்குப் படிப்பைத்தான் குறை சொல்லவேண்டும். புருஷன் மோகன், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் பெயர் வருகிறது என்றதும் மலேசியாவுக்குப் போய்விட்டான்; ராத்திரி போனில் காமு முகத்தைப் பார்த்து அழுவதோடு அவன் பங்கு முடிந்தது.

பதினான்கு மாதத்தில் அவளுக்குப் பதினொரு கடிதம் கிடைத்தது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘தங்கள் கோரிக்கை அன்புடன் பரிசீலனையில் உள்ளது.’ ஏழாவது கடிதத்தில் ‘மிகுந்த அன்புடன்’ என்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

பன்னிரண்டாவதை வாங்கிக்கொள்ள மறுத்துத்தான் இன்று அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

இயக்குநர், ஊ ஸேயா வின் என்று பெயர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தங்கமான மனிதர். யாரையும் அதட்டியதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் டீயும் வறுத்த சூரியகாந்தி விதையும் கொடுப்பார்.

“தமீ,” என்றார். மகளே என்பதற்கு அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். “ஏன் இவ்வளவு கடுமையான வார்த்தை? நீ படித்த பெண். யோசித்துப் பார். இந்த மருந்து நம் நாட்டில் கிடைக்காது என்று நான் எழுதினால், நம் நாட்டில் கிடைக்காதது ஒன்று உண்டு என்றாகிறது. அது தேசத்துக்கு அவமானம். கிடைக்கும் என்று எழுதினால், நம் நாட்டில் கஞ்சா கிடைக்கிறது என்றாகிறது. அது சட்டத்துக்கு அவமானம். இந்த இரண்டு அவமானத்துக்கும் நடுவில் இந்த இயக்ககம் முப்பது வருடமாக ஒரு காலில் நிற்கிறது. அந்த வலி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.”

“எம் பிள்ளைக்கு வலி இருக்கு, சயா.”

“அதனால்தான் சொல்கிறேன். நாம் இருவரும் ஒரே படகில் இருக்கிறோம்.”

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. நான்கு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போகிற கட்டடத்தில், நான்கரைக்கும் ஒருத்தி எழாமல் இருந்தால் அது நெருக்கடி. படிவப் பிரிவுத் தலைவி டோ யி யி ஸாவை அழைத்தார்கள். அந்த அம்மாள் கொண்டையில் ஒரு வெள்ளைப் பூவும் கையில் மூன்று அட்டைக் கோப்புமாக வந்து, நாற்பத்து மூன்று படிவங்களையும் மேசையில் பரப்பினாள்.

“பெற்றுக்கொண்டோம் என்பதற்குப் படிவம் உண்டு. அனுப்பிவிட்டோம் என்பதற்கு உண்டு. திரும்பி வந்துவிட்டது, மறுபடி அனுப்பியிருக்கிறோம் என்பதற்கும் உண்டு. இல்லை என்பதற்குப் படிவம் இல்லை.”

“இப்ப இல்லைன்னு சொல்லிட்டீங்களே, சயாமா. அதையே எழுதிக் குடுங்க.”

டோ யி யி ஸாவ் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னத்தம்பி வெளி வராந்தாவுக்கு அவளை இழுத்துப் போய் அடிக்குரலில் திட்டினார். “உனக்குக் கிறுக்காடி? இதுக்கு முந்தி ஒருத்தர் இல்லைன்னு எழுதிட்டாரு. உடனே கியாக்தானுக்கு மாத்துனாங்க. அங்க நம்ம டிபார்ட்மென்டுக்கு ஆபீசே கெடையாது. மனுசன் தெனம் ஆத்தங்கரையில ஒக்காந்து, நடு ஆத்துல இருக்கிற பகோடாவப் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டு வர்றாரு.”

“சம்பளம் வருதுல்ல?”

“வருது.”

“எம் பிள்ளைக்கு மூச்சு வரணும் மாமா. எனக்கு அது வந்தாப் போதும்.”

அவர் வெற்றிலையைத் துப்பப் போனார்.

மறுநாள் வழி பிறந்தது. இயக்குநரே கண்டுபிடித்தார். நாட்டில் கஞ்சாவைச் சட்டப்படி நெருங்கக்கூடியவர்கள் மூன்று வகை: போலீஸ், சாட்சிப் பொருள் காப்பாளர், இயக்ககத்தில் பதிவு பெற்ற போதைப் பழக்கத்தவர். போலீசில் சேர காமுவுக்கு உயரம் பற்றாது. காப்பாளர் பதவிக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். மூன்றாவதற்கு எந்தத் தகுதியும் தேவையில்லை.

“பதிவு பெற்றவருக்கு என்ன தேவை என்று மருத்துவக் குழு பார்த்துப் பரிந்துரைக்கும். குழு எழுதினால் நான் முத்திரை வைப்பேன். ‘இல்லை’ என்று யாரும் எழுத வேண்டியதே இல்லை. பார்த்தாயா தமீ, அன்பிருந்தால் வழி இருக்கிறது!”

ஆறு வயதுப் பிள்ளையைக் கஞ்சாக் குடியராகப் பதிவு செய்வதா என்று அவள் ஒரு முழு நிமிஷம் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷத்தில், காமுவின் கண் மேலே செருகுவது அவள் மனசில் வந்து போயிற்று. சரி என்றாள்.

விசாரணை டோ யி யி ஸாவின் அறையில் நடந்தது. கன்னத்தில் சந்தனம் போல அரைத்துப் பூசிய தனக்காப் பட்டையும் தலையில் நீல ஹெல்மெட்டுமாகக் காமு நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். வாசலிலேயே காவலாளியோடு ஒரு தகராறு ஆகியிருந்தது: மோட்டார் சைக்கிளுக்குத் தடை உள்ள வட்டாரத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தால், வண்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?

“பதிவு கோருபவருக்கு எத்தனை வயதில் பழக்கம் ஏற்பட்டது?”

“பழக்கமே இல்ல சயாமா. அந்த எண்ணெயை இன்னும் கண்ணாலகூடப் பாக்கல. அதுக்குத்தானே வந்திருக்கோம்.”

“கட்டத்தைக் காலியாக விட முடியாது.”

“எட்டு மாசம்னு போடுங்க.”

“மனம் திருந்த விருப்பமா?”

காமு டோ யி யி ஸாவின் கொண்டைப் பூவைப் பார்த்துச் சிரித்தாள். ‘ஆம்’ என்று எழுதப்பட்டது.

“தீய வழிக்கு அழைத்துச் சென்ற கூட்டாளி யார்? பாப்பா, உன் ஃப்ரெண்ட் யாரு?”

காமுவுக்குப் பேச்சு குறைவு. ஒவ்வொரு வலிப்பும் இரண்டு மூன்று வார்த்தைகளைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மிச்சம் இருந்தவற்றில் தேடி, அவள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

“பூனை.”

டோ யி யி ஸாவ் எழுதினாள்: ‘பூனை. புனைபெயராக இருக்கலாம். முகவரி விசாரிக்கப்பட வேண்டும்.’

மூன்றாம் நாள் வார்டு ஆபீசிலிருந்து இரண்டு பேர் பூனையைத் தேடி வந்தார்கள். வீட்டில் இரவு தங்குபவர்களின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை, ஏன் பதியவில்லை என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு நூர் பீவிதான் தன் பூனையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, “இதுதாங்க அந்த ஆளு. கூட்டிட்டுப் போறதுன்னா தாராளமாப் போங்க, வீட்டுல மீன் தங்க மாட்டேங்குது,” என்றாள். வந்தவர்கள் பூனையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நூர் பீவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். சாந்தகுமாரியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு நிறுத்த முடியாமல் போய், கடைசியில் நூர் பீவி தோளைப் பிடித்து உலுக்கவேண்டியிருந்தது.

பிறகு மருத்துவக் குழு. ஐந்து பேர். வலிப்பைக் குழு நேரில் பார்க்கவேண்டும் என்பது விதி. வீடியோ செல்லாது, வீடியோவில் யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். டாக்டர் ஸமீராவின் சான்று செல்லாது. அவர் நோயாளிக்கு வேண்டியவர். எனவே வலிப்பு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி முதல் பதினொன்றரைக்குள், அலுவலக வளாகத்தில், பெரும்பான்மை உறுப்பினர் முன்னிலையில் வரவேண்டும்.

முதல் செவ்வாய், ஆலையில் ஒரு நாள் சம்பளம் போக, காமு குழு முன்னால் ஒன்றரை மணி நேரம் அழகாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை தின்றாள். வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், இரண்டு முறை விழுந்தாள்.

இரண்டாம் செவ்வாயும் வரவில்லை. “பிள்ளை ஆரோக்கியமாகத்தானே தெரிகிறது,” என்று குழுத் தலைவர் பாராட்டினார்.

மூன்றாம் செவ்வாய் வெயில் மண்டையைப் பிளந்தது. கரண்டு இல்லை. சூடு ஏறினால் காமுவுக்கு வலிப்பு வரும் என்பது சாந்தகுமாரிக்குத் தெரியும். ஆறு வருடமாக ஈரத்துணியும் விசிறியுமாக அந்தச் சூட்டோடு மல்லுக்கட்டியவள், அன்று பையிலிருந்த ஈரத்துணியை வெளியே எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். பதினொன்று. பிள்ளையின் நெற்றியில் வேர்வை அரும்புவதைப் பார்த்தாள். பதினொன்று இருபது. வந்துடு, வந்துடு, இப்பவே வந்துடு என்று தனக்குள் யாரோ முனகுவது கேட்டது. யார் என்று உற்றுக் கேட்டாள். அவளேதான்.

ஆறு வருடத்தில் எந்தக் கோயில் வாசலிலும் அவள் அவ்வளவு உருகி வேண்டிக்கொண்டதில்லை.

பதினொன்றரைக்குக் குழு எழுந்து சாப்பிடப் போயிற்று. பதினொன்று நாற்பதுக்கு, இரண்டாம் மாடிப் படிக்கட்டில், வந்தது. சாந்தகுமாரி பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலரைத் தளர்த்தி, நேரம் பார்த்தபடி, “பாருங்க, யாராச்சும் வந்து பாருங்க!” என்று கத்தினாள். அன்றைக்கு வண்டி எங்கே என்று கேட்ட காவலாளி ஓடி வந்து, தன் தலைத்துணியைச் சுருட்டிக் குழந்தையின் தலைக்குக் கீழே வைத்தார். நான்கு நிமிஷம். அவர் கண் கலங்கியிருந்தது. “நான் பார்த்தேன், நான் சொல்கிறேன்,” என்று சாப்பாட்டறைக்கே போய்ச் சொல்லவும் செய்தார். காவலாளி மருத்துவக் குழு உறுப்பினர் அல்ல என்று அன்போடு அவருக்கு விளக்கப்பட்டது.

குழு தன் முடிவை எழுதியது. பதிவு பெற்றவரின் ரத்தத்தில் கஞ்சா இல்லை. மூன்று அமர்வுகளிலும் நடத்தை நன்று. ஆகவே பதிவு பெற்றவர் பழக்கத்திலிருந்து முற்றிலும் மீண்டவர்.

“நாட்டிலேயே மிக இளம் வயதில் மீண்டவர்!” ஊ ஸேயா வின்னுக்குக் குரல் தழுதழுத்தது. “ஜூன் இருபத்தாறு, போதைப்பொருள் ஒழிப்பு நாள் விழா. பாப்பா மேடையில் இருக்கவேண்டும்.”

“எனக்கு விழா வேண்டாம் சயா. காகிதம் வேணும்.”

“மேடையிலேயே தருகிறேன், தமீ. என் கையெழுத்து, முத்திரை, நாட்டின் பெயர் எல்லாம் இருக்கும். காமுவின் மருந்து விஷயமாக ஒரு தெளிவான முடிவு. இனி நீ இங்கே அலையவேண்டியதே இல்லை.”

சின்னத்தம்பியும் தலையாட்டினார். “முத்திரையோட தர்றாருன்னா பெரிய விசயம்மா. வாயக் குடுத்துக் கெடுத்துறாத.”

மூழ்குகிறவள் பாம்பைப் பார்த்துக் கயிறா என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். போனாள்.

விழா மாவ்பிக்குப் போகிற சாலையில் ஒரு மைதானத்தில். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிடிபட்ட சரக்கை மலையாகக் குவித்து எரிப்பதுதான் அந்த நாளின் சடங்கு. மலை நனைந்து போயிருந்ததால் டீசல் லாரி வந்திருந்தது. ஓரத்தில் ஒரு தார்ப்பாய்க் கூடாரத்தில் கண்காட்சி. மாணவிகள் வரிசையாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசிகள், மாத்திரைகள், பொட்டலங்கள். மூன்றாவது மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் பன்னிரண்டு சின்னப் பழுப்புக் குப்பிகள். மூடியிலேயே சொட்டுக்குழாய். யாரோ ஒரு தாயின் பெட்டியிலிருந்து விமான நிலையத்தில் எடுத்தது. பக்கத்தில் அட்டை: ‘இளைய தலைமுறையை அழிக்கும் எண்ணெய்.’

டாக்டர் ஸமீரா போனில் காட்டிய அதே குப்பி. சாந்தகுமாரி லேபிளைப் படித்தாள். சேர்மானத்தைப் படித்தாள். அளவைப் படித்தாள். வேதியியல் படித்தவள் ஆயிற்றே, ஒரு சந்தேகமும் வரவில்லை. கைக்கும் குப்பிக்கும் நடுவில் ஒரு ரிப்பன் மட்டும் இருந்தது.

“சயாமா,” என்றாள் மேசைக்குப் பின்னால் நின்ற டோ யி யி ஸாவிடம். “ஒண்ணே ஒண்ணு. பன்னண்டுல ஒண்ணு.”

“ஐயோ, அது சாட்சிப் பொருள். சாட்சியைக் குழந்தைக்குக் கொடுக்க முடியுமா?”

“இன்னும் அரை மணியில எரிக்கப் போறீங்க.”

“எரிப்பது வேறு. எரிப்பதற்கு அனுமதி இருக்கிறது.” டோ யி யி ஸாவின் கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியிருந்தது. “எனக்கு மனசு கேட்கிறதா என்ன? நீ வேண்டுமானால் எரிக்கக் கூடாது என்று ஒரு விண்ணப்பம் கொடு. அன்போடு பரிசீலிப்போம்.”

மேடையில் காமுவுக்கு வெள்ளைச் சட்டையும் பச்சை லோஞ்சிக் கைலியும் போட்டுவிட்டார்கள். படம் எடுப்பவர், மீண்ட குழந்தை ஹெல்மெட்டோடு நின்றால் பார்க்கிறவர்களுக்குத் தவறான எண்ணம் வரும் என்றார். கழற்றினார்கள். சாந்தகுமாரி இரண்டு கையையும் பிள்ளையின் தலையைச் சுற்றிக் கூடை போல வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“இந்த வருடம் நம் இயக்ககத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றைக்கூட நாங்கள் நிராகரிக்கவில்லை!” கைதட்டல். “ஒரு தாயையாவது இங்கிருந்து வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம் இருக்கும். பிற நாடுகளில் அதிகாரிகள் முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்கிறார்கள். ஜனங்கள் மனமுடைந்து போகிறார்கள். நம்மிடம் யாரும் மனமுடைந்ததாக ஒரு புகாரும் இல்லை. புகார்ப் படிவம் இல்லாததால் சொல்லவில்லை, புகார் இல்லாததால்தான் படிவமே அச்சிடவில்லை! இந்தக் குழந்தையைப் பாருங்கள். சட்டத்தை மீறி ஒரு சொட்டுக்கூட இவள் நாவில் படவில்லை. ஒரு சொட்டுக்கூட! இந்தக் குழந்தையைக் காப்பாற்றியது யார்?”

அப்போது காமு விழுந்தாள்.

கூடை தாங்கியது. சாந்தகுமாரி மேடைப் பலகையில் மண்டியிட்டு அவளை ஒருக்களித்தாள். முதுகு வில்லாக வளைந்தது, கை கால் அடித்துக்கொண்டது, உதடு நீலமாயிற்று. மைதானம் ஒரு கணம் கப்சிப். பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனிதர், போதையின் கொடுமையைக் குழந்தை நடித்துக் காட்டுகிறாள் என்று எண்ணி, உருக்கத்தோடு கைதட்டினார். அவர் தட்டியதால் அவருக்குப் பின்வரிசை தட்டிற்று. பின்வரிசை தட்டியதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டினார்கள். மருத்துவக் குழு ஐந்து பேரும் மேடைக்குக் கீழே மூன்றடி தூரத்தில் இருந்தார்கள். ஐந்து பேரும் பார்த்தார்கள். அது வியாழக்கிழமை.

“தவறு, நிஜ வலிப்பு!” என்று சொல்ல ஊ ஸேயா வின்னுக்கு வாய் வந்தது. ஆனால் அவ்வளவு பேர் தட்டும்போது அது நடிப்பல்ல என்று சொன்னால், தட்டியவர்கள் முகம் எங்கே போகும்? அவரும் மெல்லத் தட்டினார்.

சாந்தகுமாரி நேரம் பார்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. அந்தப் பக்கம் யாரோ பொத்தானை அழுத்த, டீசல் பற்றி, மலை குப்பென்று எரிந்தது. மூன்று. வெள்ளைத் துணியின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, பன்னிரண்டு குப்பிகளையும் இரண்டு பேர் நெருப்புக்குத் தூக்கிப் போனார்கள். நான்கு. கண்ணாடி வெடிக்கும் சத்தம் பட்டாசு மாதிரி கேட்டது. ஐந்து. வலிப்பு இவ்வளவு நேரம் முன்னே ஒருபோதும் நீடித்ததில்லை. ஆறாவது நிமிஷத்துக்குச் சற்று முன்னால் காமுவின் மூச்சு தடுக்கித் தடுக்கித் திரும்பி வந்தது.

அந்த ஆறு நிமிஷத்தில் சாந்தகுமாரி அழவில்லை, கத்தவில்லை. ஐந்தாவது நிமிஷத்திலேயே அவளுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்து, உள்ளே ஒரே அமைதியாகிவிட்டிருந்தது.

நினைவு திரும்பாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தபோது, அவள் கையில் ஒரு காகிதம் வைக்கப்பட்டது. கையெழுத்து இருந்தது. முத்திரை இருந்தது. நாட்டின் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. ‘மேற்படி குழந்தை பூரணமாக மீண்டுவிட்டதால், உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ இவருக்கு எந்த மருந்தும் தேவையில்லை என்று மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறோம்.’

அவள் இரண்டு தரம் படித்தாள். தாய்லாந்து ஆஸ்பத்திரி இதைப் பார்த்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். நான்காக மடித்து, மேடை விளிம்பில் டீக்கோப்பை ஆடிக்கொண்டிருந்த ஒரு மேசைக் காலுக்கு அடியில் செருகினாள். மேசை ஆடாமல் நின்றது.

ஹெல்மெட்டைத் தேடி எடுத்துப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். சின்னத்தம்பி குடையோடு ஓடி வந்தார்.

“எங்கம்மா போற? குரூப் போட்டோ எடுக்கப் போறாங்க. டைரக்டரு ஏதாச்சும் நெனச்சுக்குவாரு.”

“மியாவாடி பஸ் எத்தனை மணிக்கு மாமா?”

“மியாவாடியா? தாய்லாந்து எல்லைக்கா?” அவர் குடை சரிந்து, மழை அவர் தலையிலேயே விழுந்தது. “பைத்தியமாடி நீ? ரோடு பூரா சண்டை. கேட்டுக்குக் கேட்டு செக்கிங். இந்தப் பிள்ளையத் தூக்கிட்டு ரெண்டு நாளு, மூணு நாளு ஆகும். காகிதமும் இல்ல.”

“காகிதத்துக்குப் பதிலாப் பிள்ளையக் காட்டுறேன். எத்தனை மணிக்கு?”

“போயி என்ன பண்ணுவ? அக்கரைக்குப் போற பாலத்தையே மூடி வச்சிருக்காங்கம்மா!”

“ஆத்த மூடலைல்ல?” என்றாள் சாந்தகுமாரி.

அவள் சேற்றில் மாட்டிய செருப்பை விட்டுவிட்டு, பிள்ளையின் முகத்தில் மழை படாமல் லோஞ்சித் துணியால் மூடிக்கொண்டு, பஸ் நிற்கிற சாலைப் பக்கம் வெறுங்காலோடு நடந்தாள்.